17 அங்குலத்தில் 16 மணி நேரம்

என் உயரம் 5 அடி 1 அங்குலம். கணவர் 6 அடி. முதன்முறை அமெரிக்கா போனபோது, வளைகுடாவில் விமானம் மாறி, அங்கிருந்து கலிபோர்னியாவுக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். அவருக்கு முழங்கால் முன் இருக்கையில் இடித்துக்கொண்டே வந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பரிதாபப்பட்டார்கள். எனக்கோ முழங்காலுக்கு முன்னால் தாராளமாக இடம் இருந்ததால் வாயைத் திறக்கவே வழியில்லை. ஆனால் ஆறாவது மணி நேரத்தில் தொடையின் அடிப்பக்கம் மரத்துப்போனது. இறங்கும்போது செருப்புக்குள் பாதம் நுழையவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இரண்டாவது பயணத்தில்தான் குனிந்து பார்த்தேன்: என் பாதம் தரையில் முழுதாகப் படியவே இல்லை. நுனிவிரல்தான் தொட்டுக்கொண்டிருந்தது. உடம்பின் பாரத்தை இருக்கையின் முன்விளிம்பில் தொடை தாங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

கைப்பையைக் காலடியில் போட்டு, அதன்மேல் பாதத்தை வைத்தேன். முழங்கால் இடுப்புக்குச் சமமாக உயர்ந்தது. வேலை முடிந்தது. காசு செலவில்லை.

நீண்ட விமானப் பயணம் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளில் பாதிக்கு மேல் என் கணவர் மாதிரி ஆட்களுக்கானவை. கால் நீட்ட எங்கே இடம், எந்த வரிசை அகலம் என்பதே பேச்சு. குட்டையானவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும், பேறுகால உதவிக்கென்று மகள் வீட்டுக்குத் தனியாகப் பறக்கும் 65 வயது அம்மாக்களுக்கும் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. இருக்கை எல்லாருக்கும் ஒன்றுதான். அது படுத்தும் பாடுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. எந்தத் தலையணை வாங்கலாம் என்று கடை கடையாகத் தேடுவதற்கு முன், அந்த இருக்கை எப்படி அந்த அளவுக்கு வந்தது, நம் உடம்பை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

இருக்கையின் அளவை இரண்டு எண்களில் சொல்வார்கள். முதலாவது 'பிட்ச்'. ஓர் இருக்கையின் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. நீண்டதூர விமானங்களின் எகானமி வகுப்பில் பெரும்பாலும் 31 அல்லது 32 அங்குலம். அத்தனையும் காலுக்கு என்று நினைத்துவிடக் கூடாது, முதுகுச் சாய்மானத்தின் தடிமனும் அதற்குள்தான் அடங்குகிறது. அதனால்தான் புதிய விமானங்களில் சாய்மானத்தை மெலிதாக்கிவிட்டார்கள். முழங்காலுக்குக் கொடுத்ததை முதுகிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம். இருக்கைகள் விமானத்தின் தரையில் ஓடும் தண்டவாளம் போன்ற பட்டைகளில், அங்குலத்துக்கு ஓரிடம் என்ற கணக்கில் பூட்டப்படுகின்றன. 30 வரிசைகளில் வரிசைக்கு ஓர் அங்குலம் நெருக்கினால் 30 அங்குலம் மிச்சம். கிட்டத்தட்ட இன்னொரு வரிசை முளைத்துவிடும். அந்த ஓர் அங்குலத்துக்கு ஏன் இத்தனை போட்டி என்பது இப்போது புரியும்.

இரண்டாவது எண் அகலம். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய விஷயம், ஆனால் யாரும் பேசுவதில்லை. போயிங் 777 விமானம் 1995இல் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியபோது எகானமியில் வரிசைக்கு 9 பேர் உட்கார்ந்தார்கள். விமானத்தின் உடல் ஓர் அங்குலம்கூட வளரவில்லை. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் அதே இடத்தில் 3-4-3 என்று 10 பேரை உட்கார வைக்கின்றன. கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் இடையே 17 அங்குலம் அளவுதான் மிஞ்சுகிறது. 787 விமானத்திலும் இதே கதை. 8 பேருக்கு வசதியாக இருக்கும் என்று யோசித்தது, 9 பேருக்கு வந்து நின்றது. ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் தன் சர்வதேச 787களில் 2-4-2 என்ற பழைய கணக்கை விடாமல் வைத்திருக்கிறது. ஏர்பஸ் ஏ350இல் வழக்கமாக 9 பேர், ஆளுக்கு ஏறக்குறைய 18 அங்குலம்.

ஓர் அங்குலத்துக்கு இத்தனை பேச்சா என்று தோன்றும். மனிதர்களுக்கு இடுப்பைவிடத் தோள் அகலம். வளர்ந்த ஆணின் தோள் சாதாரணமாகவே 17 அங்குலத்தைத் தாண்டிவிடும். மூன்று ஆண்கள் அருகருகே உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் ஒன்று முன்னால் குனிய வேண்டும், இல்லையென்றால் ஒருக்களிக்க வேண்டும். அதையே 16 மணி நேரம் செய்தால் கழுத்து என்ன ஆகும்?

இந்த வகுப்பு பிறந்த கதை வேடிக்கையானது. 1958இல் அட்லாண்டிக் கடக்கும் விமானங்களில் எகானமி வகுப்பு வந்தபோது, கட்டணம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்று. ஆகவே சாப்பாட்டைக் காட்டி யாரும் ஆள் பிடித்துவிடக் கூடாது என்று விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா ஒரு விதி போட்டது: இந்த வகுப்புக்கு எளிய சாண்ட்விச் மட்டும்தான். ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் ஒற்றை ரொட்டித் துண்டின் மேல் விருந்தையே அடுக்கி, எங்கள் ஊரில் இதற்குப் பெயர் சாண்ட்விச்தான் என்றது. போட்டியாளரான பான் ஆம் புகார் செய்ய, எஸ்.ஏ.எஸ்.ஸுக்கு அபராதம் விழுந்தது. எகானமிப் பயணிக்கு வசதி கூடிவிடாமல் காவல் காத்த காலம் அது. 1978இல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட பிறகு போட்டி விலையில் நடந்தது. காவலுக்கு ஆள் தேவைப்படவில்லை. டிக்கெட்டுகளை விலை வரிசையில் அடுக்கிவைத்து முதலில் இருப்பதைத் தட்டும் நாமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறோம்.

சட்டம் இதில் தலையிடுமா என்றால், 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம், இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவை வகுக்கும்படி அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்குச் சொன்னது. நிர்வாகம் ஓக்லஹோமா நகரில் 700க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதனை நடத்தியது. அவர்கள் சோதித்தது, அவசரத்தில் எத்தனை வேகமாக வெளியே வர முடிகிறது என்பதை. சௌகரியம் அந்தக் கேள்வியிலேயே இல்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் 18 முதல் 60 வயதுக்குட்பட்ட, நல்ல உடல்நிலை உள்ளவர்கள். நம் வீட்டுப் பாட்டிகள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை.

ஆகவே முதல் வேலை டிக்கெட் எடுக்கும்போதே இருக்கிறது. விலைக்குப் பக்கத்தில் விமானத்தின் ரகம் போட்டிருக்கும். இருக்கை வரைபடத்தைத் திறந்து ஒரு வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒரே ஊருக்கு, ஒரே விலையில், ஒரு விமானம் 10 பேர் வரிசையாகவும் இன்னொன்று 9 பேர் வரிசையாகவும் இருப்பதுண்டு. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிடுவார்கள், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் எந்த இருக்கை? 3-4-3 வரிசையில் நான் தேர்ந்தெடுப்பது நடு நான்கின் ஓரம். ஜன்னல் பக்கத்து மூன்றில் ஓரத்தில் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் இரண்டு பேரும் நம்மைத் தாண்டித்தான் போக வேண்டும். நடு நான்கில் நம்மை எழுப்பக்கூடியவர் ஒரே ஒருவர், மற்ற இருவருக்கும் அந்தப் பக்கம் வழி இருக்கிறது. தூக்கம்தான் முக்கியம், எழுந்திருக்கவே மாட்டேன் என்பவர்களுக்கு ஜன்னல். தலை சாய்க்கச் சுவர் கிடைக்கும், யாரும் எழுப்ப மாட்டார்கள். ஆனால் அந்த எழுந்திருக்காத பழக்கத்தில்தான் ஒரு சிக்கல் உண்டு, கடைசியில் வருகிறேன்.

தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசைக்கு ஆசைப்படுகிறவர்கள் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது, அகலமும் கொஞ்சம் குறையும். பை மேலே போயாக வேண்டும், அதாவது என் மாதிரி ஆளுக்குக் காலுக்கு முட்டுக் கொடுக்க எதுவும் இருக்காது. குழந்தைத் தொட்டிலை மாட்டுவதும் அந்தச் சுவரில்தான். அவசரக் கதவு வரிசையில் இடம் தாராளம், ஆனால் தேவைப்பட்டால் கதவைத் திறக்க உதவக்கூடியவர்களை மட்டுமே உட்கார விடுவார்கள். கதவை ஒட்டிய இடத்தில் குளிரும். கடைசி வரிசை பல விமானங்களில் சாயாது, கழிப்பறை வரிசையும் தலைமாட்டிலேயே நிற்கும். அதற்குச் சற்று முன்னால், வால் பக்கம் உடல் குறுகும் இடத்தில், சில 777களில் மூன்று இருக்கைக்குப் பதில் இரண்டே போட்டிருப்பார்கள். இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு விமானத்திலேயே நல்ல இடம் அது. என்ன, வால் பக்கம் ஆட்டம் அதிகம். குலுங்கினால் பயம் என்பவர்கள் இறக்கைக்கு நேராக உட்காரலாம்.

இருக்கைக்கு வெளியே காற்றும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே அழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவைவிடக் குறையக் கூடாது என்பது வடிவமைப்பு விதி. 8,000 அடி என்றால் ஊட்டியைவிட மேலே, தொட்டபெட்டாவைவிடக் கீழே. கார்பன் இழையால் செய்த 787இலும், ஏ350இலும் இதை 6,000 அடிக்கே நிறுத்த முடிகிறது. அது குன்னூர். பழைய விமானம் ஊட்டி, புதியது குன்னூர் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் ராத்திரியில் அந்த வித்தியாசம் தலைவலியில் தெரிகிறது என்பது என் அனுபவம்.

மலை ஏறினால் சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் இருக்கும் காற்றுக்கும் அதே விதிதான், 8,000 அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விரியும். ஏறுவதற்கு முன் சுண்டல், கோலா இரண்டையும் தவிர்ப்பதும், இடுப்பில் இறுக்காத உடை போடுவதும் இதனால்தான். இறங்கும்போது கதை தலைகீழ். காதுக்குள் அழுத்தம் சமமாக வேண்டும், விழுங்கினால் காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறக்கும். தூங்குகிறவரை எழுப்பிவிடுங்கள், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

உயரம் ஊட்டி என்றாலும் ஈரப்பதம் பாலைவனம்: 10 முதல் 20 சதவீதம். சென்னையின் கசகசப்பில் வளர்ந்த மூக்குக்கும் கண்ணுக்கும் உதட்டுக்கும் அது அதிர்ச்சி. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுவது நல்லது. 100 மில்லிக்குக் குறைந்த குப்பியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் எடுத்துப்போனால் உதட்டுக்கும் மூக்கின் ஓரத்துக்கும் ஆகும். ஆனால் இந்த வறட்சி உடம்பிலிருந்து நீரை லிட்டர் கணக்கில் உறிஞ்சிவிடும் என்று பயமுறுத்துவது மிகை. காய்வது தோலும் கண்ணும்தான். தண்ணீர் குடிப்பதால் கிடைக்கும் பெரிய லாபம் வேறு: எழுந்து நடக்க வேண்டி வரும். நம் பெரியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பச் சங்கடப்பட்டு, ஏறுவதற்கு முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஓர இருக்கை வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்தச் சங்கடமே இல்லை. கூடுதல் கட்டணம் கேட்டாலும் அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

சாப்பாடு சப்பென்று இருப்பதற்குச் சமையல்காரர் மட்டும் காரணமில்லை. 2010 வாக்கில் லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம், ஒரு பழைய ஏர்பஸ்ஸின் முன்பாகத்தை அழுத்தக் கூண்டுக்குள் வைத்து, தரையிலேயே பறக்கும் சூழலை உண்டாக்கி ஆட்களுக்குச் சாப்பாடு போட்டுப் பார்த்தது. உப்புச் சுவை 20 முதல் 30 சதவீதமும், இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் குறைவாகத் தெரிந்தன. காய்ந்த மூக்கும், குறைந்த அழுத்தமும் செய்யும் வேலை. தக்காளியில் இருக்கும் உமாமி என்ற சுவை மட்டும் அவ்வளவாக மங்குவதில்லை. தரையில் யாரும் சீண்டாத தக்காளிச் சாறு விமானத்தில் பீருக்கு இணையாக ஓடுவதைப் பார்த்துத்தான் லுஃப்தான்சா இந்த விஷயத்தைத் தோண்டியது. தக்காளித் தொக்கு எடுத்துப்போகிறவர்களை இனிக் கிண்டல் செய்யாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன்பதிவில் 'ஹிந்து மீல்' என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்துச் சைவம் என்று நம்பித் தேர்ந்தெடுத்து, தட்டைத் திறந்ததும் கோழியைப் பார்த்து முழித்தவர்கள் பலர். மாட்டிறைச்சி இல்லை என்பதே அதன் பொருள். நமக்கு வேண்டியது 'ஏசியன் வெஜிடேரியன்'. வழக்கமாக 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். தனிச் சாப்பாடு என்பதால் மற்றவர்களுக்கு முன்னதாகவே வந்துவிடும், சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.

தூக்கத்துக்கு முதல் எதிரி சத்தம். 80 டெசிபலைத் தொடும் அந்த ஒரே சீரான இரைச்சல் நம்மை எழுப்புவதில்லை, களைப்பாக்குகிறது. 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த, 'போஸ்' ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், கொடுக்கப்பட்ட ஹெட்போனில் பாட்டே கேட்காத எரிச்சலில், இரைச்சலை எதிர் அலையால் அழிக்கும் கணக்கைப் பயணத்திலேயே எழுதத் தொடங்கினார். அவருடைய அப்பா வங்காளத்திலிருந்து போன விடுதலைப் போராட்டக்காரர். இன்று அந்த ரக ஹெட்போன்தான், இந்தப் பயணத்துக்கென்று விற்கும் பொருள்களில் காசுக்கு உண்மையாக வேலை செய்வது. வாங்க முடியாவிட்டால் காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான் முக்கால் வேலையைச் செய்யும்.

கழுத்துத் தலையணையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பின்பக்கம் தடிமனாக இருந்தால் தலையை முன்னால் தள்ளிவிடும். திருப்பி, தடிமனான பக்கம் தாடைக்குக் கீழே வரும்படி போட்டால் தலை விழாது. வலி பெரும்பாலும் கழுத்தில் தொடங்குவதும் இல்லை, இடுப்பில். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960களில் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி செலுத்தி அளந்து பார்த்தார். நிற்பதைவிட நிமிர்ந்து உட்காரும்போது அழுத்தம் அதிகம், பின்னால் சாயச் சாயக் குறைகிறது. ஆகவே ராத்திரியில் இருக்கையைச் சாய்ப்பது குற்றமல்ல. சாப்பாட்டு நேரத்தில் நிமிர்த்திவிட வேண்டும், சாய்க்கும் முன் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கொடுக்கும் போர்வையை, இல்லையென்றால் நம் ஈரிழைத் துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வைத்துப் பாருங்கள். ஓர இருக்கையின் கைப்பிடிக்கு அடியில், மூட்டுப் பக்கம், பல விமானங்களில் ஒரு சிறு பொத்தான் ஒளிந்திருக்கும். அதை அழுத்தினால் அசையாது என்று நினைத்த கைப்பிடி மேலே எழும்பும். எழுந்து வரச் சிரமப்படும் மூட்டுவலிக்காரர்களுக்கு இது தெரிந்தால் பாதிக் கஷ்டம் தீரும்.

இனி அந்தச் சிக்கல். 1940இல் லண்டன் மீது ஜெர்மனி குண்டு வீசிய நாட்களில், மக்கள் பாதுகாப்புக் குழிகளில் ராத்திரி முழுக்கத் துணி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர், குண்டு படாமலேயே, நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தார்கள். பிணக்கூறாய்வு நிபுணர் கீத் சிம்ப்சன் அந்தச் சாவுகளைப் பற்றி 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். மணிக்கணக்கில் அசையாமல் இருந்ததோடு, நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடியில் அழுத்தி, காலிலிருந்து ரத்தம் மேலே திரும்புவதைத் தடுத்தது என்பது அவர் கண்டது. அதைப் படித்தபோது என் முதல் பயணமும் மரத்துப்போன தொடையும் நினைவுக்கு வந்தன.

காலில் இருந்து ரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றித் தள்ளுவது கெண்டைக்கால் தசை. அது சுருங்காவிட்டால் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பயப்பட வேண்டாம், இரண்டு மடங்கு என்றாலும் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவுதான். ஆனால் அது எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. உடல் பருமன் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், 190 சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர்கள் என்று பட்டியல் போகிறது. நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வில் இன்னொரு கூட்டமும் சேர்ந்தது: 160 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்கள். அவர்களுக்கு விமானத்தில் மட்டும் கூடுகிறது. நம் அம்மாக்களில் எத்தனை பேர் 160 சென்டிமீட்டரைத் தாண்டுவார்கள்?

ஆகவே காலடியில் பை வைப்பது வெறும் சொகுசு இல்லை. மணிக்கு ஒருமுறை குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்குவது, பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது, தையல் மிஷின் மிதிப்பது மாதிரி 20 தடவை. இரண்டு மணிக்கு ஒருமுறை கழிப்பறை வரை ஒரு நடை. ஜன்னலோரத்தில் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஒரே கோணத்தில் பத்து மணி நேரம் கிடப்பதைத் தவிர்க்க வேண்டும். அழுத்தக் காலுறை பலனளிப்பது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அளவு சரியாக இருக்க வேண்டும், சுருண்டு முழங்காலுக்குக் கீழே கயிறு மாதிரி இறுக்கினால் போடாமல் இருப்பதே மேல். முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

இரண்டு கால்களும் சமமாக வீங்கினால் பெரும்பாலும் ஒரு நாளில் வடிந்துவிடும். ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, சூடு, அல்லது திடீர் மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனை. இது இறங்கிய அன்றே வர வேண்டும் என்பதில்லை, சில வாரம் கழித்தும் வரலாம். அதற்குள் பயணம் மறந்துபோயிருக்கும், வயசுக் கோளாறு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, எத்தனை மணி நேரம், என்றைக்கு விமானத்தில் வந்தோம் என்று சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.